மெடிக்கல் சீட்டை வாங்குவதா, இன்னொரு வருஷம் நீட் எழுதுவதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் சீட் விழுந்திருக்கிறது, ஆனால் மதுரை கிடைக்கவில்லை, சென்னை கிடைக்கவில்லை, அதனால் ஒரு வருஷம் உட்கார்ந்து மறுபடி எழுதலாமா என்று யோசிக்கிறவர்கள் யோசனையை விட்டுவிட்டுப் போய்ச் சேருங்கள். மற்றவர்களுக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு கிடைத்தவர்கள், நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பணம் புரட்ட அப்பா அலைந்துகொண்டிருப்பவர்கள், பல் மருத்துவமோ சித்தாவோ வந்து நிற்பவர்கள், கொஞ்சத்தில் எல்லாமே தவறிப்போனவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மதுரை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். நீட் ரிசல்ட் வந்த நாளிலிருந்து கலந்தாய்வின் கடைசிச் சுற்று வரைக்கும் பழைய மாணவர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் இந்த ஒரு கேள்வியோடுதான் வருகிறார்கள், பலர் முடிவெடுக்க ஒரே ஒரு நாள் மிச்சம் இருக்கும்போது வருகிறார்கள். அந்த அவசரத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் யாரோ ஒரு சொந்தக்காரர் சொன்ன முடிவாகத்தான் இருக்கும்.

அரசு சீட் விஷயத்தில் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்தாலும் விருதுநகரில் படித்தாலும் கடைசியில் வாங்குகிற பட்டம் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். அப்புறம் எம்.டி., எம்.எஸ். படிக்க எல்லோரும் எழுதுவதும் ஒரே நீட் பிஜி, அதில் எந்தக் காலேஜிலிருந்து வந்தாய் என்று யாரும் பார்ப்பதில்லை. வித்தியாசமே கிடையாது என்று சொல்ல மாட்டேன். 1954-ல் ஆரம்பித்த மதுரைக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 பேர் சேர்கிறார்கள், அதன் மருத்துவமனையான பெரியாஸ்பத்திரிக்குத் தென்மாவட்டம் முழுக்க நோயாளிகள் வருகிறார்கள், அங்கே வார்டில் போய் நின்றாலே பாதிப் பாடம் ஏறிவிடும். 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் கல்லூரிகளில் அந்தக் கூட்டம் இருக்காது, ஆசிரியர் பணியிடம் காலி என்ற செய்தியும் அவ்வப்போது பேப்பரில் வருகிறது. அந்தக் குறையைப் பயிற்சி மருத்துவர் வருஷத்திலும் பிஜியிலும் உழைத்து ஈடுகட்டலாம். அடுத்த வருஷம் இதைவிட நல்ல ரேங்க் வரும் என்பதற்கு யார் உத்தரவாதம் தருவார்? மதுரை எய்ம்ஸின் முதல் 50 மாணவர்களே 2022-ல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வைத்துத்தான் படிப்பைத் தொடங்கினார்கள், அதையும் நினைத்துப் பாருங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிற ஒருவர் மகளோடு வந்திருந்தார். பாப்பாவுக்கு ராமநாதபுரம் விழுந்திருந்தது, மதுரைதான் வேண்டும் என்று அழுது முகமெல்லாம் வீங்கிப்போயிருந்தது. அப்பா கேட்டார், "ஏன் சார், ராமநாதபுரத்துல படிச்சா ஊசி போட விடமாட்டாங்களா?" பாப்பா எதுவும் பேசாமல் செல்லில் அந்த அலாட்மெண்ட் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் போனை வாங்கி, அதே பட்டியலில் அதற்குக் கீழே, அதே இடஒதுக்கீட்டு வகுப்பில், எந்தச் சீட்டும் இல்லாமல் போனவர்களின் வரிசையைக் காட்டினேன். பத்துப் பக்கத்துக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு மதுரையைப் பற்றிப் பேச்சு வரவில்லை, ஹாஸ்டலுக்கு என்னென்ன எடுத்துப் போகவேண்டும் என்று கேட்டது.

கையில் இருப்பது என்ன சீட் என்று முதலில் பாருங்கள்

"தனியார் காலேஜ் கிடைச்சிருக்கு" என்று வருகிற பாதிப் பேருக்கு அது அரசு ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா என்பது தெரிந்திருப்பதில்லை. ஆர்டரில் எழுதியிருக்கும், பாருங்கள். பணம் முழுக்க அதில்தான் மாறுகிறது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சமீப வருஷங்களில் 20 ஆயிரத்துக்குள் முடிந்துவிட்டது. சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் கட்டண நிர்ணயக் குழு வைத்த தொகை ஆண்டுக்கு நாலரை லட்சத்தை ஒட்டி இருந்தது. நிர்வாக ஒதுக்கீடு 13 லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பல இடங்களில் 20 லட்சத்தையும் தாண்டும். இதெல்லாம் ஒரு வருஷத்துக்கு, கல்விக் கட்டணம் மட்டும். ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம் தனி. வேறு எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் ரசீது கேளுங்கள், ரசீது தரமாட்டோம் என்றால் அந்தத் தொகையையும் கூட்டிப் போட்டு மொத்தச் செலவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை படித்தவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு "தனியார் காலேஜ், நமக்குக் கட்டுப்படியாகாது" என்று விட்டுவிடவே கூடாது. இதைத் தெரியாமல் விட்டுவிட நினைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். 7.5-ல் கிடைத்த எம்பிபிஎஸ் சீட் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அரசு சீட் மாதிரிதான், சேருங்கள்.

எந்தச் சுற்று என்று பாருங்கள்

சீட்டை விடுவதற்கு விலை உண்டு, அந்த விலை சுற்றுக்குச் சுற்று ஏறும். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டை எம்சிசி, அதாவது மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துகிறது. சமீப ஆண்டுகளின் விதிப்படி, முதல் சுற்றில் கிடைத்ததை விட்டால் நஷ்டம் இல்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்துச் சேராமல் போனால் கட்டிய வைப்புத்தொகை போய்விடும், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு அது பொதுப்பிரிவில் 10 ஆயிரம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 5 ஆயிரம், நிகர்நிலைக்கு மட்டும் 2 லட்சம். மூன்றாம் சுற்றில் சேர்ந்தால் அப்புறம் விலக முடியாது. கடைசியாக நடக்கிற ஸ்ட்ரே சுற்றில் இடம் வாங்கிவிட்டுச் சேராமல் போனால் அடுத்த வருஷ நீட்டையே எழுத விடமாட்டார்கள். சும்மா போட்டுப் பார்ப்போம் என்று கடைசிச் சுற்றில் விருப்பம் கொடுத்துவிட்டு, விழுந்ததும் "வேண்டாம், அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்று திரும்புகிறவர்களுக்கு அடுத்த வருஷமும் கையை விட்டுப் போகிறது.

85 சதவீத மாநில ஒதுக்கீட்டுக்கு, அந்தக் கலந்தாய்வை நடத்துகிற கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழுவின் தகவல் தொகுப்பேடு இருக்கிறது. நீளமான பிடிஎஃப்தான், இருந்தாலும் இரண்டு இடங்களையாவது உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் சேராமல் போனால் என்ன ஆகும் என்பது. இன்னொன்று, சேர்ந்த பிறகு படிப்பை நடுவில் விட்டால் கட்டவேண்டிய தொகை. அது லட்சங்களில் இருக்கும். "இப்போதைக்குச் சேர்த்துவிடுவோம், பிடிக்கலைன்னா வந்துடலாம்" என்பதெல்லாம் அந்தப் பக்கத்தைப் படிக்காதவர்கள் சொல்வது. விதிகளில் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது மாறும், அதனால் போன வருஷம் அண்ணன் சேர்ந்தபோது இப்படித்தான் இருந்தது என்று இருக்காமல் இந்த வருஷத் தொகுப்பேட்டையே பாருங்கள்.

மார்க்கை விடுங்கள், ரேங்க்கைப் பாருங்கள்

"போன வருஷம் இவ்வளவு மார்க்குக்கு கவர்மெண்ட் சீட் கிடைச்சுதாம், எனக்கு இருபதுதான் கம்மி, ஒரு வருஷம் படிச்சா வந்துடும்" என்பது நான் அடிக்கடி கேட்கிற கணக்கு. இந்தக் கணக்கை நம்பி ஒரு வருஷத்தைக் கொடுக்காதீர்கள். 2024-ல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720. உச்ச நீதிமன்றம் வரை போய், திருத்திய முடிவில் அது 17 ஆனது. அடுத்த வருஷம், 2025-ல், இந்தியாவிலேயே முதலிடம் வாங்கியவருக்கு 686. பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண் 162-லிருந்து 144-க்கு இறங்கியது. இயற்பியல் தாள் பிள்ளைகளை அப்படிப் போட்டு வதைத்திருந்தது. ஒரே மார்க் ஒரு வருஷம் சீட் கிடைக்காத மார்க், அடுத்த வருஷம் நல்ல கல்லூரி கிடைக்கிற மார்க்.

ஆகையால் ஒப்பிடவேண்டியது ரேங்க்கைத்தான், அதிலும் மாநிலத் தரவரிசைப் பட்டியலில் உங்கள் வகுப்புக்குள் உங்களுக்கு என்ன இடம் என்பதை. தேர்வுக் குழு ஒவ்வொரு சுற்றுக்கும் யாருக்கு எது கிடைத்தது என்ற பட்டியலை வெளியிடுகிறது. அதில் உங்கள் வகுப்பில், பிசி-யோ எம்பிசி-யோ எஸ்சி-யோ எதுவோ, அரசுக் கல்லூரியில் கடைசியாகச் சேர்ந்தவரின் வகுப்பு ரேங்க்கைக் கண்டுபிடியுங்கள். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் எத்தனை பேர்? சில நூறு பேர் என்றால் மறுபடி எழுதுவதைப் பற்றிப் பேசலாம். ஆயிரக்கணக்கில் என்றால், படிப்பில் என்ன மாறப்போகிறது என்று எழுதிக் காட்டாமல் பேசக்கூடாது. அப்புறம், அடுத்த வருஷமும் புதிதாகப் பிளஸ் டூ முடித்தவர்கள் வருவார்கள், உங்களைப் போலவே ரிப்பீட் பண்ணுகிறவர்களும் வருவார்கள், அந்த வரிசை அப்படியே நின்றுகொண்டிருக்காது.

வினாத்தாளை எடுத்துப் போட்டு உட்காருங்கள்

முடிவெடுக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு, ஏனென்றால் அந்த வினாத்தாளைத் திரும்பத் தொடவே பிள்ளைகளுக்குக் கை வராது. ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த வினாத்தாள், நீட்டை நடத்துகிற என்டிஏ-வின் தளத்தில் போடுகிற உங்கள் ஓஎம்ஆர் விடைத்தாள் நகல், இறுதி விடைக் குறிப்பு, மூன்றும் வேண்டும். ஓஎம்ஆரை அவர்கள் எப்போதும் வைத்திருக்க மாட்டார்கள், போட்ட அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பான ஒவ்வொரு கேள்விக்கும், விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். பாடமே தெரியாது என்றால் தெ. தெரிந்தும் தப்பாகப் போட்டது, அதாவது கூட்டலில் சறுக்கியது, "தவறான கூற்று எது" என்று கேட்டதைச் சரியானது என்று படித்தது, ஓஎம்ஆரில் பக்கத்து வட்டத்தைக் கறுப்பாக்கியது, இதெல்லாம் சறுக்கல், ச. நேரம் இல்லாமல் விட்டது நே. எதுவும் தெரியாமல் குருட்டாம்போக்கில் போட்டது கு. இதைச் செய்யும்போது நேர்மை வேண்டும். தெரியாததையெல்லாம் "கவனக்குறைவு" என்று எழுதிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அந்தச் சுகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்தக் கேள்வியை இப்போது, புத்தகம் பார்க்காமல், ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வந்தால் ச, வராவிட்டால் தெ.

இப்போது கணக்கைப் பாருங்கள். 180 கேள்வியில் 120 சரி, 45 தப்பு, 15 விட்டது என்றால் 480-லிருந்து 45 போக 435. அந்த 45-ல் 20 கேள்வி சறுக்கல் என்றால், அந்த இருபதையும் சரியாகப் போட்டிருந்தால் 560-லிருந்து 25 போக 535. நூறு மார்க் வித்தியாசம், புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல். இந்த மாதிரிப் பிள்ளைக்கு ஒரு வருஷம் நிஜமாகவே உதவும், தினமும் தாள் எழுதி, தப்பு நோட்டுப் போட்டால் சரியாகிற கோளாறு அது. அந்த 45-ல் 35 கேள்வி தெரியாதவை, அதிலும் பெரும்பாலானவை இயற்பியல் என்றால் விஷயம் வேறு. அந்தப் பிள்ளை 11-ஆம் வகுப்பு இயக்கவியலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், அதற்கு முன்னால் முக்கோணவியலும் வெக்டாரும் கைக்கு வரவேண்டும். ஒரு வருஷத்தில் முடியாதது இல்லை, நம் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முடித்திருக்கிறார்கள், ஆனால் ஏற்கெனவே போன அதே கோச்சிங்கில், அதே நோட்ஸை வைத்து, இன்னொரு தடவை உட்கார்ந்தால் முடியாது. குருட்டாம்போக்குக் கேள்விகள் இருபது முப்பது இருந்தால் அது துணிச்சல் இல்லை, பதற்றம். கடைசிப் பத்து நிமிஷத்தில் கை தானாக வட்டத்தைக் கறுப்பாக்கியிருக்கும். அதை வீட்டில் தாள் எழுதும்போதே பழக்கிச் சரிசெய்யலாம்.

ஏற்கெனவே ஒரு தடவையோ இரண்டு தடவையோ ரிப்பீட் பண்ணியவர்கள் இந்த எழுத்துகளை இரண்டு வருஷத் தாளுக்கும் போட்டுப் பாருங்கள். போன வருஷம் தெ போட்ட அதே பாடங்களில்தான் இந்த வருஷமும் தெ விழுகிறது என்றால், இன்னொரு வருஷம் கேட்காதீர்கள். நீட்டுக்கு இப்போது மேல் வயது வரம்பு இல்லை, எத்தனை தடவை எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. ஆகவே எங்கே நிறுத்துவது என்பதை நாம்தான் எழுதி வைக்கவேண்டும், அதுவும் வருஷத்தை ஆரம்பிப்பதற்கு முன்னால்.

பணம் கட்டுகிற சீட்

சுயநிதிக் கல்லூரி அரசு ஒதுக்கீட்டில் மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் ஆகும், ஹாஸ்டலோடு இன்னும் கூடும். இரண்டு பேரும் சம்பளம் வாங்குகிற வீடு, அல்லது கடன் பெரிதாக இல்லாத வீடு என்றால், ஒரு வருஷம் போவதைவிட இதில் சேருவதுதான் என்னைக் கேட்டால் நல்லது. வினாத்தாளில் சறுக்கல் அதிகமாக இருந்து, அரசு சீட்டுக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்திருக்கிற பிள்ளை, வீட்டில் பணம் இறுக்கம் என்றால், ஒரு வருஷம் கொடுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது, 20 லட்சம் மிச்சமாகலாம். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கும், அதற்கு மேல் வங்கி பத்திரம் கேட்கும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்டவேண்டாம் என்பது உண்மை, வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடும். எம்பிபிஎஸ் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருஷம், அதற்கப்புறம் பிஜி என்றால் இன்னும் மூன்று. மேனேஜரிடம் போய், படிப்பு முடியும்போது வட்டியோடு எவ்வளவு நிற்கும், மாதத் தவணை எவ்வளவு வரும் என்று எழுதி வாங்கி வந்து, வீட்டில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். தம்பி தங்கை படிப்பும் அந்தக் கணக்கில் வரவேண்டும்.

நிர்வாக ஒதுக்கீட்டைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானதுதான். ஆண்டுக்கு 13 லட்சத்துக்கு மேல் என்றால் மொத்தம் 60 லட்சத்தைத் தொடும். கையில் சும்மா இருக்கிற பணம் என்றால் உங்கள் விருப்பம். குடியிருக்கிற ஒரே வீட்டை வைத்தோ, சோறு போடுகிற வயலை விற்றோ அந்தச் சீட்டை வாங்காதீர்கள். முதல் வருஷம் எப்படியாவது கட்டிவிடுகிறார்கள், மூன்றாம் வருஷத்தில்தான் மூச்சு முட்டும், அப்போது பாதியில் நிற்கவும் முடியாது. அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு படிக்கிற பிள்ளை ஒரு பேப்பரில் தவறினால் வீட்டுக்குப் போன் பண்ணவே பயப்படும். வெளிநாட்டு எம்பிபிஎஸ் ஏஜெண்டுகள் இந்த நேரத்தில்தான் வீடு தேடி வருவார்கள். அங்கே போய்ப் படித்து வந்தால் இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேறாமல் ஊசிகூடப் போட முடியாது, படிப்பு குறைந்தது 54 மாதம், அது ஆங்கில வழியிலும் இருக்கவேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. ஏஜெண்ட் சொல்கிற கல்லூரி இதற்கெல்லாம் உட்பட்டதா என்று அவரையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பல் மருத்துவம், சித்தா, கால்நடை

எம்பிபிஎஸ் கிடைக்காமல் பிடிஎஸ் வந்தவர்கள், பாளையங்கோட்டை சித்தா வந்தவர்கள், திருமங்கலம் ஹோமியோபதி வந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதுல சேர்ந்துக்கிட்டே அடுத்த வருஷம் நீட் எழுதலாமா சார்?" எழுதலாம். ஆனால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்று இரண்டையும் நன்றாகச் செய்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. பகலெல்லாம் உடற்கூறியல் வகுப்பு, இரவு பிளஸ் டூ இயற்பியல் என்றால் தூக்கம் எங்கே? இந்தப் படிப்புகளில் சேர்வதாக இருந்தால், பல் டாக்டராகவோ சித்த மருத்துவராகவோ வேலை பார்க்க மனது சம்மதித்துச் சேருங்கள். கால்நடை மருத்துவம் தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மார்க்கில்தான், தேனி வீரபாண்டியிலேயே கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து நீட்டில் சறுக்கியவர்களுக்கு அது நல்ல வழி, ஆனால் விண்ணப்பம் தனி, தேதியும் தனி, நீட் கலந்தாய்வையே பார்த்துக்கொண்டிருந்தால் அது முடிந்துபோகும்.

எம்பிபிஎஸ்-லேயே சேர்ந்துவிட்டு, நல்ல கல்லூரிக்காகத் திரும்ப நீட் எழுதுகிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள். முதலாம் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் இடுப்பை ஒடிக்கிற பாடங்கள். முதலாம் ஆண்டை நான்கு முயற்சிக்குள் முடிக்கவேண்டும், மொத்தப் படிப்பையும் ஒன்பது வருஷத்துக்குள் முடிக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது.

ரிப்பீட் பண்ணுவது என்று முடிவானால்

கலந்தாய்வு முடிகிறவரை காத்திருந்துவிட்டு அப்புறம் படிக்க ஆரம்பிக்கலாம் என்று இருக்காதீர்கள். சுற்றுகள் இழுத்துக்கொண்டே அக்டோபர் வரைக்கும் போகும், நீட் மே முதல் வாரத்தில் வந்துவிடும், எண்ணிப் பாருங்கள். முடிவு தெரியாத நாட்களிலேயே தினமும் நாலு மணி நேரமாவது இயற்பியலுக்கு உட்காருங்கள். சீட் கிடைத்துப் போய்விட்டால் அந்தப் படிப்பில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

எங்கே படிப்பது என்பதைப் பிள்ளையின் குணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ராசிபுரம், நாமக்கல் பக்கம் தங்கிப் படிக்கிற மையங்களில் கால அட்டவணை கறாராக இருக்கும், செல்போன் கிடையாது, ஆனால் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டும், கேள்வி கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை நூறு பேருக்கு நடுவில் அப்படியே அமுங்கிப்போகும். வீட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு விருந்தாளி, டிவி, கல்யாண வீடு எல்லாம் இருக்கும். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-ல் திறந்த பிறகு மதுரைப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல இடம் கிடைத்திருக்கிறது, காலையில் போய் உட்கார்ந்து சாயங்காலம் வரை படித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், தூக்குச்சட்டியில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் போதும். சேருகிற மையத்தில் கேட்கவேண்டியது போன வருஷம் எத்தனை பேருக்குச் சீட் என்பதை இல்லை. என் பிள்ளையின் தப்புத் தாளை யார் உட்கார்ந்து பார்ப்பார், வாரத்துக்கு எத்தனை தடவை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று: மறுபடி எழுதுவதால் 7.5 தகுதி போய்விடாது. சான்றிதழ்களை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பெற்றோருக்கு

பிள்ளை ரிப்பீட் பண்ணமாட்டேன் என்று சொன்னால் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருஷம் வெறும் படிப்பாகவே ஓடியிருக்கும், அந்தப் பிள்ளைக்கு எல்லையைத் தொட்டுவிட்டது தெரிந்திருக்கும். அதே மாதிரி, பிள்ளை எழுதுகிறேன் என்று சொல்லும்போது, "சித்தப்பா பையன் டாக்டர் ஆயிட்டான்" என்பதற்காகச் சொல்கிறதா என்றும் கொஞ்சம் தனியாக, அம்மாவோ அக்காவோ, சாப்பாடு போடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். அப்பா முன்னால் வராத பதில் அங்கே வரும். ரிப்பீட் பண்ணுகிற வருஷத்தில் தீபாவளி, பொங்கலுக்கு வருகிற உறவுக்காரர்கள் பிள்ளையிடம் மார்க்கைப் பற்றிப் பேசாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

தூக்கம் கெட்டு, சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் சீட்டையும் நீட்டையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு அன்றைக்கே பேசுங்கள். 104-க்குக் கூப்பிட்டால் தமிழ்நாடு அரசின் ஆலோசகர்கள் பேசுவார்கள், 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம், இரண்டும் இலவசம். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, நேரில் கூட்டிப் போகலாம். அந்த நிலையில் இருக்கிற பிள்ளையை எந்த முடிவும் எடுக்கச் சொல்லாதீர்கள், முதலில் அது தேறட்டும்.

முடிவை எழுதி வைப்பது

சேர்வதற்குக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், பிள்ளை ஒரு தாளிலும் பெற்றோர் ஒரு தாளிலும் தனித்தனியாக எழுதுங்கள். சீட்டின் வகை, மொத்தச் செலவு, வகுப்பு ரேங்க்கில் எத்தனை பேர் இடைவெளி, வினாத்தாளில் ச எத்தனை தெ எத்தனை, மறுபடி எழுதினால் எது மாறப்போகிறது, அதுவும் தவறினால் எதில் சேர்வது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சண்டை எதில் என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் ஒரே ஒரு வரியில்தான் இருக்கும். கடைசி வரி காலியாக இருந்தால் ரிப்பீட் பண்ணுவதற்கு நான் சம்மதம் சொல்லமாட்டேன்.

சேர்வதாக இருந்தால் கடைசி நாளுக்கு முந்தின நாளே கல்லூரிக்குப் போய்விடுங்கள், டிமாண்ட் டிராஃப்ட் எடுக்க வங்கியில் அரை நாள் போகும், சர்வர் படுத்துக்கொண்டால் இன்னும் அரை நாள். ஒரிஜினல்களைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து, எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வையுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் சும்மா போகாமல் இருந்துவிடாதீர்கள், தளத்தில் அந்தச் சுற்றுக்கு என்ன முறை சொல்லியிருக்கிறதோ அப்படியே குறித்த நேரத்துக்குள் விலகி, அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். சான்றிதழ்களை ஏற்கெனவே ஒப்படைத்திருந்தால் திரும்ப வாங்கும்போது டிசி, பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் இருக்கிறதா என்று அந்தக் கவுண்டரிலேயே நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு வாருங்கள், அடுத்த கலந்தாய்வுக்கு அதே தாள்கள்தான் வேண்டும்.